தெற்கு எல்லை

பத்திரம் இப்படித் தொடங்குகிறது:
பெரிய இலவமரத்தடியில் விடியலில் கிளம்பிய கோவேறு கழுதை
உச்சிப்பொழுதில் எங்கே நிற்கிறதோ அதுவரை.
தெற்கே, ஆறு.

கழுதையின் பெயரும் இருக்கிறது. பலோமா.
ஏறியிருந்தவன் பல்தசார் இரிசாரி,
குவாயாகில் துறையில் ஒற்றைத் துணிமூட்டையோடு இறங்கியவன்.
முந்தைய இரவு அதற்கு
வெல்லப்பாகில் சாராயம் கலந்து ஊற்றினான் என்பார்கள்.
பத்திரத்தில் அது இல்லை.

நான் நில அளவையாள்.
முக்காலியில் கருவி, கையில் சிவப்பும் வெள்ளையுமாய்க் கோல்.
வாரிசுகள் நான்கு பேர், வண்டிகள் நான்கு,
வக்கீல்கள் ஐந்து.
பாகம் பிரிக்க என்னை அழைத்தார்கள்.
கூலியை முன்பணமாகக் கேட்டேன்.
மூத்தவர் சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார்.

பழைய வரைபடம் தேடப்போய்
கணக்குப் புத்தகம் அகப்பட்டது.
தேயோதோசியோ காலத்தது;
அவர் அப்போது பாரிஸில் இருந்தார்.
அவருடைய சட்டைகள் இங்கே வந்ததில்லை,
கொக்கோ மட்டும்தான் அங்கே போனது.

அழகான கையெழுத்து:
எவுசேபியோ கிமீஸ். முன்பணம் இருபது.
வெட்டுக்கத்தி ஒன்று, நாலு.
கொய்னா, இரண்டு.
மனைவியின் சவப்பெட்டிக்குப் பலகை, ஒன்பது.
அடுத்த வரியில், மை மட்டும் வேறு:
எவுசேபியோ இறந்தான்.
பாக்கி முப்பத்தைந்து, மகன் பெயருக்கு.
மகனுக்கு வயது பதினொன்று.

கூட்டிப் பார்த்தேன்.
கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

பிறகு காய்களுக்கு நோய் வந்தது.
பச்சைக் காய் பழுப்பேறி,
மேலே மாவு தூவியதுபோல் வெளுத்து,
உடைத்தால் உள்ளே கூழ்.
பாரிஸுக்குத் தந்தி போனது: காய்கள் சாம்பல்.
தோன்யா லெயோனோர் அதைப் படித்துவிட்டு
மடித்து, கையுறைக்குள் செருகி,
தொப்பிக் கடைக்குப் போனாளாம்.
இதை அவள் பேத்தியே சொன்னாள், பெருமையாக,
எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே.

திரும்பி வந்தபோது அவர்களோடு
ஒரு பியானோ வந்தது, படகில்.
முதல் மழைக்கே கட்டைகள் ஊதி
ஒன்றை அழுத்தினால் மூன்று இறங்கும்.
சிங்கக்கால் குளியல் தொட்டியில் இப்போது வாத்துகள்.

கொக்கோ போய் வாழை வந்தது,
வாழைக்கும் வாடல் வந்தது,
வங்கி வந்தது.
வடக்கே இருநூறு எக்டேர்,
ஒரு சூதாட்ட இரவில் மேற்கு மேடு.
மிச்சத்துக்கு மேல் இலவமரம் மட்டும் நிற்கிறது.
அதன் நிழலில் நால்வரும்
காய் வெடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்,
கிளிகள்போல, குளிர்கண்ணாடியோடு.

உலர்களத்தைத் தாண்டி நடந்தேன்.
விதையைப் பாதத்தால் புரட்டிப் புரட்டி
மூங்கில் பளபளத்துக் கிடந்தது.
செருப்போடு ஏற மனம் வரவில்லை.
கழற்றினேன். சுட்டது.

தெற்கில்தான் சிக்கல்.
பத்திரத்தின் ஆறு பத்திரத்தில் ஓடுகிறது.
இந்த ஆறு
போன வெள்ளத்தில் புரண்டு படுத்து
முப்பத்தொரு எக்டேரைத் தூக்கி
அக்கரையில் வைத்துவிட்டது.
அக்கரையில் தகரக் கூரைகள்,
அறுபதோ எழுபதோ வீடுகள்,
கொடியில் துணி, சாலையோரம் தார்ப்பாயில்
காயும் கொக்கோ.

"அது எங்களுடையது," என்றார் மூத்தவர்.
பிறகு என் அட்டையைப் பார்த்து,
"கிமீஸ். இந்தப் பக்கத்துப் பெயராயிற்றே?"

கோலைச் சாயாமல் பிடிக்கச் சொன்னேன்.
பிடித்தார். பளபளக்கும் காலணி
மெல்ல மெல்லச் சேற்றில் இறங்கியது.

அக்கரையில் ஒரு பெண்
தட்டுவாரியால் விதையை இழுத்துக்கொண்டே கத்தினாள்:
என்ன தேடுறீங்க?
எல்லையை, என்றேன்.
காதில் கைவைத்து மறுபடி கேட்டாள்.
தண்ணீர் இரைச்சல்.

பதிவேட்டில் எழுதினேன்:
வடக்கு, வேலி. கிழக்கு, வேலி.
மேற்கு, பிறர் நிலம்.
தெற்கு என்று எழுதிவிட்டு
பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன், கொஞ்ச நேரம்.